புதுசா, பழசா: டெக்சாஸில் ஒரு முதல் கைத்துப்பாக்கி

கிரீன் கார்டு வந்து, வீடு வாங்கி, புல் வெட்டும் மெஷினும் வாங்கி முடித்தபிறகு டெக்சாஸில் நம்மவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி ஒன்று உண்டு. பியர்லேண்ட் மீனாட்சி கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டிருக்கிறார்கள்: "அக்கா, நீங்க பிஸ்டல் வெச்சிருக்கீங்களாமே, எது வாங்கலாம்?" கேட்பவர்களில் பெண்கள்தான் அதிகம். கணவர் வேலைக்காக வெளியூர் போகிறவர்கள், இரவு ஷிஃப்ட் முடித்துத் தனியாகக் கார் ஓட்டி வருகிறவர்கள். கையில் தட்டோடு அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஹூஸ்டனுக்கு மேற்கே, நகர எல்லை தாண்டி இருக்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. கணவருக்கு எண்ணெய் வயல். மாதத்தில் பாதி நாள் மிட்லண்ட் பக்கம் போய்விடுவார். எங்கள் பகுதிக்கு நகரப் போலீஸ் கிடையாது, கவுண்டி ஷெரீஃப்தான். கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் தூரம் இருக்கிறது. ஊரில் நான் கிட்டத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் மடியில் கிடந்த நீளத் துப்பாக்கி. அதனால் பழக்கமும் இல்லை, ஆசையும் இல்லை. தேவை என்று முடிவானபிறகு அவசரப்படாமல் தேடினேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாடல், விலையெல்லாம் அப்புறம். முதலில் விசாவைப் பாருங்கள். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. வார இறுதியில் ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்களே, அதுவும் இதில் மாட்டும். படிப்பு முறிந்து மாணவர் விசா நிலையை இழந்த ஒருவர் ஃபுளோரிடாவில் ரேஞ்சில் சுட்டதற்காகத் தண்டிக்கப்பட்டு, அந்த வழக்கு 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. தன் நிலை தனக்கே தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அவர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

கிரீன் கார்டு இருந்தால் குடிமகனைப் போலவே கடையில் வாங்கலாம். கைத்துப்பாக்கிக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. "எனக்கு இன்னும் கார்டு வரலை, நீங்க உங்க பேர்ல வாங்கிக் குடுங்க, காசு தர்றேன்" என்று யாராவது கேட்டால், எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவம், உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா என்று கேட்கிறது. 2022இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இப்படி பினாமியாக வாங்கித் தருவதற்கு 15 ஆண்டு வரை சிறை.

அடுத்தது வீட்டுக்குள் இருக்கும் கேள்வி. இந்த நாட்டில் துப்பாக்கியால் நிகழும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாருக்காவது மன அழுத்தம், குடி, வேலை போன துக்கம் என்று எது இருந்தாலும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். திருடன் வருவானா என்பது சந்தேகம். வீட்டுக்குள் இருக்கும் கஷ்டம் நிச்சயம். இந்த விஷயத்தில் நான் யாரிடமும் தயங்காமல் பேசுவேன்.

இதெல்லாம் சரி என்றால் கடைக்குப் போகாதீர்கள், ரேஞ்சுக்குப் போங்கள். பெரும்பாலான ரேஞ்சுகளில் ஒரு கட்டணம் கட்டினால் வாடகைத் துப்பாக்கிகளை மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்க்கலாம். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வு பெற்ற ஷெரீஃப் டெபுட்டி, ஒரு பாட்டியம்மா. முதல் வகுப்பில் அவர் தோட்டாவையே கண்ணில் காட்டவில்லை. எல்லாத் துப்பாக்கியும் குண்டு போட்டதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன் மேலும் குழலைத் திருப்பாதே. குறி சேரும்வரை விரல் விசைமேல் போகக் கூடாது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். மேகசினை (கைப்பிடிக்குள் போகும் தோட்டாப் பெட்டி) கழற்றுவது, ஸ்லைடை (முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) இழுத்துப் பூட்டுவது, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் அறை) கண்ணாலும் சுண்டுவிரலாலும் பார்ப்பது, இவை கை தானாகச் செய்யும்வரை விடவில்லை. இப்போது யார் வீட்டிலாவது துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தால், அவர் கண் முன்னாலேயே திறந்து பார்த்துத்தான் வாங்குகிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்கிறவர் வீட்டில் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சரி, எது வாங்குவது?

ஒரு பெண் கவுன்டர் முன்னால் போய் நின்றால் முக்கால்வாசிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே வருவது இரண்டே சாமான்கள். ஒன்று உள்ளங்கையில் அடங்கும் .380 பிஸ்டல் (.380, .38 என்பதெல்லாம் தோட்டா அளவு). இன்னொன்று குட்டைக் குழல், ஐந்து தோட்டா ரிவால்வர். "சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி" என்ற கணக்கு. ரேஞ்சில் இரண்டையும் சுட்டுப் பார்த்தவர்கள் அந்தக் கணக்கை நம்ப மாட்டார்கள். ருகர் எல்சிபி 300 கிராம்கூட இல்லை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வர் 400 கிராம் சுமார். எடை குறைந்தால் சுடும்போது கையில் விழும் உதை கூடும், அவ்வளவுதான் விஷயம். அதே .38 ஸ்பெஷல் தோட்டாவை ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வரில் சுட்டால் தோளைத் தட்டிவிட்டுப் போகும்; 642இல் சுட்டால் பெருவிரல் அடிப்பகுதி வீங்கும். போதாததற்கு, அந்தச் சிறிய ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கு மேல் பலம் வேண்டும். அவ்வளவு பலத்தோடு இழுக்கும்போது குழல் ஆடாமல் இருக்காது. குட்டைக் குழலில், மேலே குறி பார்க்க வைத்திருக்கும் முன் முனைக்கும் பின் முனைக்கும் இடைவெளி குறைவு என்பதால் அந்தச் சின்ன ஆட்டம் தாளில் பெரிய தவறாக விழும். வருடக்கணக்காகப் பழகியவர்கள் சட்டைப் பைக்குள் வைக்க வாங்குவது அது. முதல் துப்பாக்கிக்கு ஆகாது.

ஸ்லைடை இழுக்க முடியவில்லை என்பதுதான் பெண்கள் சொல்லும் அடுத்த குறை. எனக்கும் சிறியவற்றில் சிரமமாகத்தான் இருந்தது. சிறிய பிஸ்டலில் ஸ்லைடு இலேசாக இருப்பதால் அதைக் கட்டுப்படுத்த ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். கொஞ்சம் பெரிய பிஸ்டலில் பிடிக்க இடமும் அதிகம், ஸ்பிரிங்கும் அத்தனை முரடு இல்லை. பாட்டியம்மா காட்டிய முறையும் உதவியது: இரண்டு விரலால் கிள்ளிப் பின்னால் இழுக்காமல், இடது உள்ளங்கையை ஸ்லைடு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ள வேண்டும். குழல் முழு நேரமும் இலக்கு இருக்கும் பக்கமே. மூட்டுவலி, பழைய கை முறிவு என்று உண்மையான தடை இருப்பவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'ஷீல்டு ஈஸி' (EZ) என்று ஸ்லைடு எளிதாக இழுபடும் பிஸ்டல் செய்கிறது. வாங்குவதற்கு முன் இந்த முறையில் இழுத்துப் பாருங்கள். பலருக்கு அதுவே தேவைப்படாது.

கைக்குப் பொருந்துகிறதா என்பதற்கு ஒரே சோதனை. முழங்கையிலிருந்து குழல் வரை ஒரே கோடாக வரும்படி பிடித்து, காலியென்று உறுதி செய்த துப்பாக்கியின் விசைமேல் விரலை வையுங்கள். விரல் நுனியின் சதை விசையின் நடுவில் படிய வேண்டும். அதற்காகக் கைப்பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கி உங்களுக்குப் பெரிது. பாதிப் போட்டி இங்கேயே முடிந்துவிடும். பெயர் பெற்ற கம்பெனி, யூடியூபில் புகழ்ந்தார்கள் என்பதெல்லாம் இதற்கு முன் நிற்காது.

தோட்டா அளவைப் பற்றி ஆண்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள். நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: 9 எம்எம். எல்லாக் கடையிலும் கிடைக்கும், பயிற்சித் தோட்டா விலை இருப்பதிலேயே மலிவு, உதை தாங்கக்கூடியது. .380 சின்னத் தோட்டா, ஆனால் விலை அதிகம். .38 ஸ்பெஷலும் அப்படியே. 2020 கொரோனா சமயத்தில் 9 எம்எம் தோட்டாவே மூன்று மடங்கு விலைக்குப் போய், அலமாரிகள் காலியாகக் கிடந்தன. அப்போதும் முதலில் திரும்பி வந்தது இதுதான்.

.40 என்று ஒன்று கண்ணில் படும். அதன் கதை தெரிந்தால் பழைய சந்தை ஏன் இப்படி இருக்கிறது என்று புரியும். 1986இல் மயாமியில் நடந்த சண்டையில் எஃப்பிஐ இரண்டு ஆட்களை இழந்தது. தோட்டாவில் பலம் போதவில்லை என்று பெரியதைத் தேடிப் போனார்கள். அந்தத் தேடலின் முடிவில் 1990இல் .40 வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் இலாகாக்கள் அதற்கு மாறின. நவீன 9 எம்எம் தோட்டாக்கள் அதே வேலையைக் குறைந்த உதையில் செய்கின்றன என்று எஃப்பிஐ 2010களின் நடுவில் மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பியது. பின்னாலேயே இலாகாக்களும். விளைவு, போலீஸ்காரர்கள் திருப்பிக் கொடுத்த .40 கிளாக் 22களும் மற்றவையும் மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. விலை மலிவு. நல்ல சரக்கும்கூட. ஆனால் உதை சுருக்கென்று இருக்கும், தோட்டாவும் கூடுதல் விலை. வாங்கும்போது மிச்சம் பிடித்த நூறு டாலரைத் தோட்டாவில் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

இனி புதுசா பழசா. எங்கள் வீட்டில் இது பெரிய விவாதமாகவே நடந்தது. இவருக்குப் புதிய கிளாக் 19 வேண்டும். 1988இலிருந்து விற்கும் மாடல், 15 தோட்டா, உதிரிபாகம் தெருவெல்லாம் கிடைக்கும், உத்தரவாதம் உண்டு. எதையும் மறுக்க முடியாது. புதியது 550 டாலரைச் சுற்றி வந்தது. ஆனால் என் கைக்கு அதைவிட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 9 பொருந்தியது. பின்பக்கக் கைப்பிடித் துண்டைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மாற்றிப் போடலாம். சிறியதைப் போட்டதும் விரல் விசைமேல் சரியாக உட்கார்ந்தது. இன்னொரு காரணமும் இருந்தது. கிளாக்கைச் சுத்தம் செய்யக் கழற்றும் முன் விசையை ஒருமுறை இழுத்தாக வேண்டும். சேம்பரில் தோட்டா இருப்பதை மறந்துவிட்டு இழுத்தவர்கள் சுவரையும் சிலசமயம் கையையும் சுட்டிருக்கிறார்கள். எம்&பியில் உள்ளே ஒரு சின்ன நெம்புகோலைத் தள்ளிவிட்டால் விசையைத் தொடாமலே கழற்றலாம். ஒழுங்காகத் திறந்து பார்ப்பவருக்கு இது பொருட்டே இல்லைதான். இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வீடு திரும்புகிறவளுக்குப் பொருட்டு.

ஒரு கடையில் போலீஸ் இலாகா திருப்பிக் கொடுத்த எம்&பி 9கள் வரிசையாக இருந்தன. மூன்று மேகசினோடு 300 டாலரை ஒட்டி விலை. போலீஸ் துப்பாக்கி என்றால் அடிபட்டுக் கிடக்கும் என்று நினைப்போம். வெளியே அப்படித்தான் தெரியும்: இடுப்பு உறையில் ஏறி இறங்கி முனைகளில் கறுப்பு தேய்ந்து வெள்ளையாகியிருக்கும், கார்க் கதவில் இடித்த தழும்பு இருக்கும். உள்ளே பார்த்தால் வேறு. பெரும்பாலான போலீஸ்காரர்கள் வருடத்துக்கு ஓரிரு முறை தகுதித் தேர்வுக்குச் சுடுவதோடு சரி. இடுப்பில் சுமந்தது அதிகம், சுட்டது குறைவு. இடைவிடாமல் சுட்டுத் தேய்த்த போட்டிக்காரர் துப்பாக்கிதான் வெளியே பளபளப்பாகவும் உள்ளே களைத்தும் இருக்கும்.

அதில் ஒன்றை வாங்கும் முன், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு நான் பார்த்தவை இவை. கழற்றிக் காட்டச் சொன்னேன். காட்டாத கடையில் பழசு வாங்க வேண்டாம். குழலைத் துப்பாக்கியிலிருந்து வெளியே எடுத்து, ஒரு முனையில் வெள்ளைத் தாள் வைத்து மறுமுனையில் பார்த்தால் உள்ளே சுழலும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். இருண்ட வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் உள்ளுக்குள் புடைத்திருக்கிறது. எப்போதோ குழலில் ஒரு குண்டு சிக்கியிருக்க, மேலும் ஒன்றைச் சுட்டிருக்கிறார்கள். கீழே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிளாஸ்டிக் உடலில் ஊசிகள் போகும் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருக்கிறதா, ஸ்லைடு ஓடும் தண்டவாளங்கள் நான்கும் நேராக இருக்கின்றனவா, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கி மழுங்காமல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். மேகசின் உதடுகள் வளைந்திருந்தால் தோட்டா ஒழுங்காக ஏறாது. இருட்டில் ஒளிரும் குறி இருக்கிறது என்று கூடுதலாகக் கேட்டால் அதன் தேதியைக் கேளுங்கள். உள்ளே இருப்பது டிரிட்டியம். 12 ஆண்டுகளில் ஒளி பாதியாகிவிடும். என்னுடையதில் மினுக் மினுக் என்றுகூட இல்லை. இது தெரிந்ததால் அதற்குக் காசு கொடுக்கவில்லை.

ஸ்பிரிங் தேயும் பொருள். பழைய பிஸ்டல் எது வாங்கினாலும் ஸ்லைடைத் திரும்பத் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள், மேகசின் ஸ்பிரிங்குகளையும் சேர்த்து. சில்லறைச் செலவு.

நான் தொடாமல் விட்ட இரண்டு வகை உண்டு. விசை உள்பாகங்களைச் சொந்தமாக மாற்றியது ஒன்று: "ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். தொழிற்சாலை ஏதோ காரணத்தோடுதான் அதை அந்தக் கனத்தில் வைத்தது. சமையலறை மேஜையில் யூடியூப் பார்த்துச் செய்த வேலையை நம்பிப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க எனக்குத் துணிவில்லை. இன்னொன்று கைப்பிடியைச் சூட்டுக்கோலால் புள்ளி குத்தியது. பார்க்கவும் அசிங்கம், விலையும் கூடுதல்.

தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து உற்பத்தியாளர் தளத்தில் போட்டுப் பாருங்கள். திரும்ப அழைக்கப்பட்ட மாடல்கள் சரிசெய்யப்படாமலே கைமாறிக்கொண்டிருக்கும். ருகர் எஸ்ஆர்9, கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று 2008இல் திரும்பப் பெறப்பட்டது. சிக் பி320க்கு அதே மாதிரிக் காரணத்தால் 2017இல் இலவச மாற்றம் அறிவித்தார்கள். ஷீல்டு ஈஸி 9 எம்எம்மிலும் 2020இல் ஹேமரை (சுடுவதற்கு அடிக்கும் சுத்தியலை) மாற்றித் தந்தார்கள். திருத்தியிருந்தால் தயங்க வேண்டாம். திருத்தாமல் விற்பவர் வேறு எதையெல்லாம் செய்யாமல் விட்டிருப்பார் என்பதை யோசியுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் கடையை விட்டே வெளியே வாருங்கள். அது வேறு வகைக் குற்றம்.

என் ஆய்வகத்தில் உடன் வேலை செய்யும் சேச்சி என்னைப் போல் யோசிக்கவில்லை. "எனக்கு மேகசின், சேம்பர் எதுவும் வேண்டாம், திறந்தா குண்டு இருக்கா இல்லையான்னு தெரியணும்" என்றார். அவருக்குப் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 ரிவால்வர், நான்கு அங்குலக் குழல். 1899இல் தொடங்கிய வடிவம், அறுபது லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், பல தலைமுறைப் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்தது. கனமாக இருப்பதால் .38 அதில் சுகமாகச் சுடும். ஆறே தோட்டா என்பதும், மறுபடி நிரப்ப நேரம் ஆகும் என்பதும் உண்மை. வருடத்தில் சில முறை மட்டுமே ரேஞ்சுக்குப் போகிறவருக்கு அந்த எளிமையின் மதிப்பு அதற்கு மேல்.

பழைய ரிவால்வருக்குச் சோதனை வேறு. காலி என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுத்தால், ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே தோட்டா அறைகள் உள்ள உருளை 'டக்' என்று பூட்ட வேண்டும். ஆறு அறையிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும். ஐந்தில் சரியாக இருந்து ஒன்றில் தவறுவது உண்டு. ஹேமர் நிமிர்ந்து நிற்கும்போது பெருவிரலால் பின்னாலிருந்து தள்ளினால் அது விழக் கூடாது. உருளை முன்னும் பின்னும் ஆடினால் தேய்மானம் அதிகம். குழலின் பின்முனையில், உருளையைப் பார்த்திருக்கும் வாயில், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் அரைகுறை ஆள் யாரோ திறந்திருக்கிறார். சேச்சி முதலில் பார்த்த ஒன்றில் நான்காவது அறை பூட்டாமல் வழுக்கியது. கடைக்காரர் "கொஞ்சம் வேகமா இழுத்தா சரியாயிடும்" என்றார். வேகமாக இழுத்தால் உருளை தன் வேகத்திலேயே போய் உட்காரும், குறை மறையும். நாங்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டோம்.

எல்லாருக்கும் பழசுதான் என்று சொல்ல மாட்டேன். கூட வந்து பார்க்கத் தெரிந்தவர் இல்லை, கழற்றிப் பார்க்க மனமில்லை என்றால் புதிதே வாங்குங்கள். டாரஸ் ஜி3, ருகர் செக்யூரிட்டி 9 போன்றவை புதிதாகவே பழைய விலைக்குக் கிட்டத்தில் கிடைக்கின்றன. ஆனால் கையில் 600 டாலர்தான் இருக்கிறது என்றால், 600 டாலர் துப்பாக்கி வாங்காதீர்கள். என் வாதம் முழுக்க இதுதான். இவரிடமும் இதைச் சொல்லித்தான் ஜெயித்தேன். மீதிப் பணத்தில் விரல் தொட்டால் திறக்கும் சிறிய பெட்டகம், காதுக் கவசம், கண்ணாடி, பாட்டியம்மாவின் வகுப்புக் கட்டணம், பெட்டி பெட்டியாகத் தோட்டா, அத்தனையும் வந்தது. பளபளக்கும் துப்பாக்கியும் ஒரே ஒரு பெட்டித் தோட்டாவும் வாங்கி அலமாரியில் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் வாங்கியது ஒரு நிம்மதி, அதுவும் பொய்யான நிம்மதி.

பயிற்சிக்குச் சாதாரண முழு உலோக உறைத் தோட்டா போதும். வீட்டுக்கென்று வைப்பது ஹாலோ பாயின்ட், நுனியில் குழி உள்ள தோட்டா. சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் ஆபத்து அதில் சற்றுக் குறைவு, இல்லவே இல்லை என்று இல்லை. அதையும் சில மேகசின்களாவது உங்கள் துப்பாக்கியில் சுட்டுச் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடையில் காகித வேலை அரை மணி நேரம். ஆனால் நம் பெயர்கள் அங்கே தகராறு செய்யும். அப்பா பெயர் கடைசிப் பெயராக, இனிஷியல் விரிந்து, சிலருக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு ('முதல் பெயர் தெரியவில்லை') என்று விழுந்து, கிரீன் கார்டில் ஒரு மாதிரியும் ஓட்டுநர் உரிமத்தில் ஒரு மாதிரியும் இருக்கும். போகும் முன் இரண்டையும் ஒப்பிடுங்கள். உரிமத்தில் இப்போதைய முகவரி இருக்க வேண்டும். வீடு மாறியவர்கள் இதில்தான் திரும்பி வருகிறார்கள். கிரீன் கார்டு எண்ணையும் எழுத வேண்டும். பின்னணிச் சோதனையில் 'தாமதம்' என்று வந்தால் பதற வேண்டாம், ஒரே பெயரில் பலர் இருந்தால் வரும். எனக்கும் வந்தது, தானாகத் தீர்ந்தது. டெக்சாஸில் ஒரே மாநிலத்தவர் இருவர் தமக்குள் விற்றுக்கொள்ளச் சோதனை தேவையில்லை. நான் அப்படி வாங்க மாட்டேன். துப்பாக்கி திருட்டுப் பொருளா என்று எனக்கு எப்படித் தெரியும்? கடை வழியாக மாற்றிக்கொள்ளச் சிறு கட்டணம்தான்.

இதெல்லாம் டெக்சாஸ் கதை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு, மாநிலம் ஒப்புக்கொண்ட மாடல் பட்டியல். எடிசனிலும் ஃபிரிமாண்டிலும் இருப்பவர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் மாடல் தேட வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டகம் விருப்பம் இல்லை, கட்டாயம். 17 வயதுக்கு உட்பட்டவர் கைக்கு எட்டும்படி குண்டு போட்ட துப்பாக்கியை விட்டு வைப்பது டெக்சாஸில் குற்றம். கடையில் சட்டப்படி ஒரு கம்பிப் பூட்டு தருவார்கள், அதைத் தூக்கிப் போடாதீர்கள். பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள் தங்கள் சின்ன வயதை மறந்துவிட்டவர்கள். ரேஞ்சிலிருந்து வந்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உடையைத் தனியாகத் துவைக்கப் போட்டபிறகுதான் குழந்தையைத் தூக்க வேண்டும். தோட்டாவிலிருந்து வரும் ஈயத் தூள் அந்த உடையில்தான் வீட்டுக்கு வருகிறது.

கடைசியாக, ஊருக்குப் போகிறவர்களுக்கு. ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையில் தோட்டா ஒன்று தையல் மடிப்பில் எப்போதும் பதுங்கிக்கொண்டிருக்கும். அதே பையை லேப்டாப் பையாக எடுத்துக்கொண்டு சென்னை விமான நிலையத்திலும் டெல்லியிலும் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிய செய்தி அவ்வப்போது வருகிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒற்றைத் தோட்டா வைத்திருந்தாலும் ஆயுதச் சட்டம் பாயும். தெரியாமல் கிடந்தது என்று ஏற்றுக்கொண்டு டெல்லி உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது, ஆனால் விடுமுறை அதற்குள் காவல் நிலையத்திலும் வக்கீல் அலுவலகத்திலும் போய்விடும். ரேஞ்சுக்கென்று ஒரு மலிவான பை தனியாக வாங்கி, அதைக் கராஜிலேயே தொங்கவிடுங்கள். எங்கள் வீட்டில் அது பளீரென்ற ஆரஞ்சு நிறம். இவர் தூக்கக் கலக்கத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிறத்தில் வாங்கினேன்.